எந்த மரத்துக்கு எந்த இடம்?

அமெரிக்காவில் மிஷன் பாணி என்று சொல்லப்படும் நாற்காலியை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு, இதில் வடிவமைப்பு என்று சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். நான்கு சதுரக் கால்கள், அவற்றை இணைக்கும் அகலமான குறுக்குச் சட்டங்கள், முதுகிலும் பக்கவாட்டிலும் வரிசையாக நிற்கும் பட்டைச் சட்டங்கள், தட்டையான கைப்பிடிகள். கடைசல் கிடையாது, பூவேலை கிடையாது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் பாணியைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் குஸ்டாவ் ஸ்டிக்லி. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரை ஒட்டிய அவருடைய பட்டறையிலிருந்து வந்த சாமான்கள் பெரும்பாலும் ஓக் மரத்தில், ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தன. இன்று அதே பாணியில் வேலை செய்யும் தச்சர்களோ கருமையான வால்நட் சட்டத்துக்குள் வெளிறிய, அலையலையாய் வரியோடிய மேப்பிள் பலகையை வைக்கிறார்கள். மூட்டுகளில் கருங்காலி முளைகளைப் பதிக்கிறார்கள். எளிமையே உயிரான ஒரு பாணிக்கு இப்படி இரண்டு மூன்று நிறம் பூசுவது துரோகம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் விடை நிறத்தில் இல்லை. மாறுபட்ட மரம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அங்கே அதற்கு என்ன வேலை என்பதில்தான் இருக்கிறது. வேலைக்கு ஏற்ற இடத்தில் இருந்தால் அது மிஷன் பாணியின் இயல்பான வளர்ச்சி. கண்ணை மட்டும் கேட்டு வைத்தால் வெறும் ஒட்டுவேலை.

இதை விளங்கிக்கொள்ள அந்தப் பாணியின் மூலக் கொள்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஜான் ரஸ்கினும் வில்லியம் மோரிஸும் இயந்திரம் கொட்டிக் குவித்த மலிவான அலங்காரத்தை எதிர்த்து எழுதினார்கள். பொருள் எதனால் ஆனது, எப்படிச் சேர்க்கப்பட்டது என்பது பார்த்ததுமே தெரிய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஸ்டிக்லி 1901 அக்டோபரில் ‘தி கிராஃப்ட்ஸ்மேன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது முதல் இதழை மோரிஸுக்கும் இரண்டாவது இதழை ரஸ்கினுக்கும் ஒதுக்கினார். மோரிஸைப் போல அவர் இயந்திரத்தைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. அறுக்கவும் இழைக்கவும் துளை போடவும் இயந்திரம் வைத்துக்கொண்டார். அவர் ஒதுக்கியது இயந்திரத்தை அல்ல, மரத்தின் மேல் பிறகு கொண்டுவந்து ஒட்டப்படும் அழகை. அப்படியானால் அழகு எங்கிருந்து வரும்? முதலில் ரம்பத்திலிருந்து வந்தது.

மிஷன் சாமான்களின் முக்கிய மரம் வெள்ளை ஓக். அதன் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, சக்கரத்தின் ஆரக்கால்கள் போல, கதிர்த் திசுக்கள் ஓடுகின்றன. எல்லா மரத்திலும் இவை உண்டு. ஓக்கில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அகலமானவை. அடிமரத்தைச் சாதாரணமாக மேலிருந்து கீழே பலகை பலகையாய் அறுத்தால் கதிர்கள் குறுக்கே வெட்டுப்பட்டு, சின்னச் சின்னக் கோடுகளாக மட்டும் தெரியும். பலகையின் முகத்தில் ஆண்டு வளையங்கள் கோபுரம் கோபுரமாய்க் கிளம்பும். அதே மரத்தை நான்காகப் பிளந்து, ஒவ்வொரு காலிலிருந்தும் நடுவை நோக்கிய வாக்கில் அறுத்தால் ரம்பம் கதிரோடு கதிராகப் போகும். அப்போது பலகையின் முகத்தில் கதிர்த் திசு படலம் படலமாக விரிந்து, வெள்ளிச் சரிகைத் துண்டுகளைச் சிதறவிட்டதுபோல் மினுங்கும். இந்த ஆரவாக்கு அறுப்புக்குப் பெரிய மரம் வேண்டும், நேரம் கூடுதல், கழிவும் அதிகம். வெறும் மினுக்கத்துக்காக ஸ்டிக்லி இந்தச் செலவை ஏற்றிருந்தால் அவர் எதிர்த்த அலங்காரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அதே அறுப்புக்கு இன்னொரு பலன் இருக்கிறது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது வெள்ளை ஓக் ஆரத்தின் திசையில் 5.6 சதவீதம் சுருங்குகிறது. வளையத்தின் போக்கில் 10.5 சதவீதம் சுருங்குகிறது. ஏறத்தாழ இரண்டு மடங்கு. காய்ந்து மேசையான பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். குளிர்காலத்தில் அடுப்பு எரிந்து உள்காற்று உலர்ந்துபோகிற, கோடையில் புழுங்குகிற வட அமெரிக்க வீட்டில் மரத்தின் ஈரம் 4 சதவீத அளவு ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 90 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓக் மேசைப்பலகை சாதாரண அறுப்பானால் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். ஆரவாக்கு அறுப்பானால் 7 மில்லிமீட்டரைத் தாண்டாது. கோணிக்கொள்வதும் குறைவு. மேசையை நிலையாக வைத்திருக்கும் அறுப்பேதான் மினுக்கத்தையும் தருகிறது. மிஷன் பாணியின் அழகுக்கொள்கை முழுவதும் இந்த ஒரு பலகைக்குள் அடக்கம்.

நிற மாறுபாடும் இந்தப் பாணிக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, காலில் துளையிட்டுச் செருகுவது பழைய தச்சு முறை. மிஷன் தச்சர்கள் பல இடங்களில் அந்த நாக்கைக் காலின் மறுபக்கம் வரை நீட்டி வெளியே தலைகாட்ட விட்டார்கள். சில சாமான்களில் வெளியே வந்த நாக்கில் மறுபடி ஒரு துளை போட்டு மர ஆப்பு அடித்து இறுக்கினார்கள். அந்த நாக்கின் முனையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அங்கே தெரிவது நாரின் பக்கம் அல்ல, நாரின் வாய். ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் திறந்து கிடக்கின்றன. எண்ணெயோ சாயமோ தடவினால் பக்கத்து மரத்தைவிட அதிகமாகக் குடித்துக் கருத்துவிடும். ஒரே மரத்தில் செய்த சாமானிலும் வெளிர் காலின் நடுவே கருத்த சதுரம் ஒன்று வந்துவிடுகிறது. ‘இங்கே ஒரு சட்டம் காலை ஊடுருவி நிற்கிறது’ என்று அந்தச் சதுரம் சொல்கிறது. மாறுபட்ட நிறம் மூட்டைக் காட்டித் தருகிறது என்ற எண்ணம் கருங்காலி வருவதற்கு முன்பே ஓக்கில் இருந்தது.

இனி வரியோடிய மரங்களுக்கு வருவோம். மேப்பிளின் சில அடிமரங்களில் நார்கள் நேராக ஏறாமல் அலையலையாய் நெளிந்து ஏறுகின்றன. வயலின்களின் முதுகுப்பலகையில் புலிவரி போலத் தெரிவது இதுதான். பலகையின் பரப்பு தட்டை. அதற்குள் நார்கள் ஓரிடத்தில் மேல்நோக்கியும் அடுத்த இடத்தில் கீழ்நோக்கியும் சாய்ந்திருக்கின்றன. நாரின் பக்கத்தில் பட்ட ஒளி திரும்பி வருகிறது, வாயில் பட்ட ஒளி உள்ளே போய்விடுகிறது. பலகையைக் கொஞ்சம் சாய்த்தால் வெளிச்சமாயிருந்த பட்டை இருண்டு, இருண்டிருந்தது வெளிச்சமாகும். பலகையைச் சுற்றி நடந்தால் வரிகள் நம்மோடு நகர்வதுபோல் இருக்கும். சாயத்தால் இதைச் செய்ய முடியாது.

ஆனால் இந்த அழகுக்குக் காரணமான நெளிவுதான் அதன் பலவீனமும். மரத்தின் பலமெல்லாம் நாரின் நீளவாக்கில் இருக்கிறது. அமெரிக்க வனத்துறையின் கீழ் மேடிசன் நகரில் இயங்கும் மரப்பொருள் ஆய்வகம் இதை அளந்து வைத்திருக்கிறது. நார் நேராக ஓடும் கட்டையின் வளைவுத் தாங்குதிறனை 100 என்று கொண்டால், 15-க்கு 1 என்ற சரிவில் அது 89 ஆகிறது. 10-க்கு 1 என்றால் 81. 5-க்கு 1 என்று சரிந்தால் 55. நெளிமேப்பிளில் சராசரியாக நார் நேராகவே போனாலும் ஒவ்வொரு அலையின் செங்குத்தான பகுதியிலும் இப்படி ஒரு சரிவு ஒளிந்திருக்கிறது. மிஷன் சாமானின் கால்கள் ஐந்து சென்டிமீட்டருக்குமேல் கனமானவை, பலத்தில் கொஞ்சம் போனால் என்ன என்று கேட்கலாம். காலைப் பொறுத்தவரை சரியான வாதம். ஆனால் நாற்காலி உடைவது காலின் நடுவில் அல்ல, மூட்டில். இருபத்தைந்து மில்லிமீட்டர் கனமுள்ள குறுக்குச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் நாக்கு வெட்டினால் எட்டு மில்லிமீட்டர்தான் மிஞ்சும். உட்கார்ந்திருப்பவர் பின்னால் சாயும் ஒவ்வொரு முறையும் பாரம் முழுக்க அந்த எட்டு மில்லிமீட்டரின் கழுத்தில் விழுகிறது. அந்த இடத்தில் நார் சரிந்திருந்தால் மூட்டுக்கு எத்தனை பசை போட்டும் பயனில்லை. பசை நிற்கும், நாக்கு ஒடியும். ஆகவே சட்டத்துக்கு நேர்நார் மரம்தான். ஓக், வால்நட், செர்ரி என எதுவானாலும் நார் நேராக இருக்க வேண்டும். வரியோடிய மரம் பாரம் சுமக்காத இடத்துக்குப் போகட்டும். பாரம் சுமக்காத இடம் என்றால் சட்டங்களுக்கு நடுவிலுள்ள பலகை, இழுப்பறையின் முகம், கதவின் நெஞ்சு. கண் படுகிற இடமும் அதுவே என்பது தச்சருக்கு வாய்த்த நல்ல காலம்.

அங்கேயும் அதைக் கட்டிப்போட முடியாது. 40 சென்டிமீட்டர் அகலமுள்ள மேப்பிள் பலகை, முன்பு சொன்ன 4 சதவீத ஈர மாற்றத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் வரை விரியும். அதைச் சூழ்ந்த சட்டமோ நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். முழுக்கக் காய்ந்தாலும் நீளத்தில் சுருக்கம் 0.1 அல்லது 0.2 சதவீதம்தான். இரண்டையும் பசை போட்டு ஒட்டினால் குளிர்காலத்தில் பலகை நடுவே பிளக்கும், இல்லையேல் கோடையில் சட்டத்தின் மூட்டைத் தள்ளித் திறக்கும். அதனால் சட்டத்தின் உள்விளிம்பில் காடி எடுத்து, பலகையை அதில் பசையில்லாமல் செருகி, இரு பக்கமும் மூச்சுவிட இடம் வைக்கிறார்கள். நடுவில் மட்டும் ஒரு சொட்டுப் பசை வைப்பவர்களும் உண்டு. இரு பக்கமும் சமமாக அசையட்டும் என்பதற்காக. பலகைக்கு மெருகு போடுவதைச் சட்டத்தில் செருகும் முன்பே முடித்துவிட வேண்டும். பின்னால் போட்டால், பலகை சுருங்கும்போது காடிக்குள் ஒளிந்திருந்த மெருகில்லாத விளிம்பு வெள்ளைக் கோடாக வெளியே வந்து நிற்கும். இருண்ட வால்நட் சட்டத்துக்கும் மேப்பிளுக்கும் நடுவே இந்தக் கோடு பளிச்சென்று தெரியும். மாறுபட்ட நிறம் தச்சரின் தவறை மறைக்காது, காட்டிக்கொடுக்கும். இழைப்பதும் லேசல்ல. நெளிநாரில் இழைப்புளி எந்தப் பக்கம் ஓடினாலும் எங்கோ ஓரிடத்தில் நாருக்கு எதிராகவே ஓடும். நார் பெயர்ந்து பள்ளம் விழும். கூர்மையான அலகு, மிக மெல்லிய சீவல், கடைசியில் தகட்டால் சுரண்டி எடுப்பது என்று பொறுமையாகப் போனால்தான் பரப்பு கண்ணாடியாகும்.

சிறு துண்டுகளின் கணக்கு வேறு. இதைக் கலையாக்கியவர்கள் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் வேலை செய்த கட்டடக்கலைஞர்கள் சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்ற சகோதரர்கள். 1908-இல் அவர்கள் வடிவமைத்த கேம்பிள் இல்லம் இன்றும் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. அதன் முன்கூடத்தில் நமக்குப் பழக்கமான தேக்கு நிறைந்திருக்கிறது. அவர்களுடைய வீட்டுச் சாமான்கள் பல மஹாகனியில் ஆனவை. செய்தவர்கள் ஸ்வீடனில் பிறந்த பீட்டர் ஹால், ஜான் ஹால் என்ற தச்சர்கள். மஹாகனியின் சுருக்கம் ஆரத்தில் 3 சதவீதம், வளையப் போக்கில் 4.1 சதவீதம்; ஓக்கோடு ஒப்பிட்டால் அடங்கின மரம். அந்தச் செம்பழுப்பில் ஆங்காங்கே சதுரக் கருங்காலி முளைகள் தலை நீட்டுகின்றன. பரப்போடு தட்டையாக இல்லாமல் இம்மியளவு எழும்பி, விளிம்பு மழுங்கி, தடவினால் விரலுக்குத் தட்டுப்படும்படி இருக்கும். பார்க்க நகைபோல் இருந்தாலும் பலவற்றுக்கு அடியில் திருகாணி இருக்கிறது. மேசைப்பலகையின் முனையில் குறுக்காக ஒரு கட்டை சேர்த்துப் பலகை கோணாமல் காப்பார்கள். அந்தக் கட்டையை நடுவில் அழுத்திப் பிடித்து, ஓரங்களில் நீண்ட துளைக்குள் திருகாணி போட்டால் பலகை விரியும்போது திருகாணி துளைக்குள் நகரும், எதுவும் வெடிக்காது. அந்தத் துளைகளை மூடுவதுதான் கருங்காலியின் வேலை. பத்து மில்லிமீட்டர் முளை ஈரத்துக்கு எவ்வளவு விரிந்தாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்குதான். அதனால் அதை எங்கே வேண்டுமானாலும் பசை போட்டு நிறுத்தலாம். அகலப் பலகைக்கு இல்லாத சுதந்திரம் சிறு துண்டுக்கு உண்டு என்ற இயற்பியலை அவர்கள் அழகாக மாற்றிக்கொண்டார்கள்.

இவ்வளவும் சரி, ஆனால் மிஷன் தச்சர்களே இந்த விதியை எப்போதும் மதித்தார்களா என்றால், இல்லை. ஸ்டிக்லியின் தம்பிகள் லியோபோல்டும் ஜான் ஜார்ஜும் ஃபேயட்வில் ஊரில் தனிப் பட்டறை நடத்தினார்கள். சதுரக் கால் ஒன்றை ஒரே கட்டையில் எடுத்தால் எதிரெதிரான இரண்டு முகங்களில்தான் கதிரின் மினுக்கம் வரும், மற்ற இரண்டில் வளையக் கோடுகள்தான் தெரியும். அவர்கள் நான்கு ஆரவாக்குப் பலகைகளை மூலைகளில் சாய்வாகச் சேர்த்து நடுவில் ஒரு கட்டை வைத்து, நான்கு முகமும் மினுங்கும் காலைச் செய்தார்கள். இது ஏமாற்று என்று கண்டிப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு கடுமை வேண்டாம் என்பேன்: கனமான ஒற்றைக் கட்டை காயும்போது வெடிக்கும், சேர்த்த கால் அப்படி வெடிப்பது அரிது. ஆனாலும் அந்த யோசனையைத் தூண்டியது கண்தான், பாரம் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1903-இல் ஹார்வி எல்லிஸ் என்ற ஓவியக் கட்டடக்கலைஞர் ஸ்டிக்லியிடம் சேர்ந்து, ஓக்கில் செம்பும் வெள்ளீயக் கலவையும் வேற்று மரமும் பதித்த நளினமான சாமான்களை வரைந்து கொடுத்தார். அடுத்த ஜனவரியில் அவர் இறந்துவிட்டார். அந்தப் பதிப்புகள் எந்தப் பாரமும் சுமக்கவில்லை, எந்த மூட்டையும் காட்டவில்லை. எனக்கு அவை பிடிக்கும். ஆனால் அவற்றை மிஷன் பாணியின் வாதத்துக்குச் சான்றாகக் காட்ட மாட்டேன். அவை அந்த வாதத்துக்கு வெளியே நிற்கும் நல்ல ஓவியங்கள்.

வலுவான எதிர்வாதம் இன்றைய பொருள்களிலிருந்து வருகிறது. பிளைவுட் வந்துவிட்டது, வரியோடிய மரத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய தாளாகச் சீவி அதன்மேல் ஒட்டிவிட்டால் விரிவும் இல்லை, சுருக்கமும் இல்லை. பிறகு காடி என்ன, மூச்சுவிடும் இடம் என்ன? உண்மைதான். அரிதான ஒரு நெளிமேப்பிள் அடிமரத்தைக் கனமான பலகைகளாக அறுத்தால் சில சாமான்களுக்குத்தான் வரும், தாளாகச் சீவினால் பல மடங்கு பரப்பை மூடும். மரத்தின் மேல் அக்கறை உள்ளவர் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதனாலும் விதி மாறவில்லை. தாள் போட்ட பலகையும் சட்டத்துக்கு நடுவில்தான் உட்காருகிறது. சட்டத்தின் நாக்கை யாரும் தாளால் செய்வதில்லை. நல்ல வார்னிஷ் போட்டால் ஈரமே ஏறாது என்பது மட்டும் தவறான நம்பிக்கை. மெருகு ஈரத்தின் வேகத்தைக் குறைக்கும், வழியை அடைக்காது.

நிறத்தைப் பற்றி ஒன்று மிச்சமிருக்கிறது, சாமான் செய்யச் சொல்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது. இன்று தெரிகிற மாறுபாடு பத்து வருடம் கழித்து இருக்காது. செர்ரி வெளிச்சம் பட்டுக் கருக்கும், வால்நட் வெளுக்கும். இரண்டையும் ஜோடி சேர்த்தால் நாளடைவில் ஒன்றை நோக்கி ஒன்று வந்துவிடும். ஊதாநிற மரம் என்று ஆசையாய் வாங்குவது கடைசியில் பழுப்பாகும். மேப்பிள் மஞ்சளாகும், ஆனாலும் வெளிராகவே இருக்கும். கருங்காலியின் கருமை அசைந்துகொடுக்காது. இங்கே ஸ்டிக்லியின் பழைய வித்தை ஒன்று உதவுகிறது. ஓக் சாமானைக் காற்றுப்புகாத அறையில் வைத்து அடர்த்தியான அம்மோனியாக் கரைசலைத் தட்டில் ஊற்றி வைத்தால், அதன் ஆவி ஓக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு வினைபுரிந்து மரத்தைப் பழுப்பாக்கும். நிறம் மேலே பூசினதாக இல்லாமல் மரத்துக்குள்ளிருந்தே வருவதால் கதிரின் மினுக்கம் மங்குவதில்லை. ஓக்கின் வெளிறுப் பகுதியில் டானின் குறைவு, அதனால் அது பின்தங்கி வெளிறியே நிற்கும். வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் பொறுக்கி எடுப்பது அதனால்தான். மேப்பிளில் டானின் மிகக் குறைவு. ஓக் சட்டமும் மேப்பிள் பலகையும் கொண்ட பெட்டியை முழுதாகச் சேர்த்த பின் அப்படியே இந்த ஆவியில் வைத்தால் ஓக் கருக்கும், மேப்பிள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒரு சொட்டுச் சாயம் இல்லாமல், இரு மரங்களின் வேதியியல் வேறுபாடே நிற வேறுபாடாகிறது. அந்த ஆவி கண்ணையும் நுரையீரலையும் புண்ணாக்கக்கூடியது. முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் முயலக் கூடாது.

வரியோடிய மரத்தில் இப்படி ஒரு சாமானை வாங்கவோ செய்யச் சொல்லவோ போகிறீர்கள் என்றால் மேற்பரப்பின் வரியை ரசித்து முடித்ததும் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். குறுக்குச் சட்டத்தின் நார் மூட்டுவரை நேராக ஓடுகிறதா என்று கவனியுங்கள். கதவின் நடுப்பலகையை உள்ளங்கையால் அழுத்திப் பக்கவாட்டில் தள்ளுங்கள். நடுவில் பசை வைக்காத முழுமரப் பலகையானால் கொஞ்சம் அசைய வேண்டும். மேசைப்பலகையை அடியிலிருந்து பிடித்திருக்கும் திருகாணிகளின் துளை வட்டமா, நீளமா என்று கேளுங்கள். துளை வட்டமாகவும் பலகை ஆணி அடித்ததுபோல் அசையாமலும் இருந்தால், எவ்வளவு அரிய மரமானாலும் அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.